அடுத்த மாநாட்டில் எங்கள் மின்னஞ்சல்களையும் படியுங்கள்

பன்னாட்டு வணிகத் தகவல் தொடர்பு மாநாடுகளை நடத்தும் குழுவினருக்கும், அங்கே கட்டுரை வாசிக்கும் பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஆய்வாளர் இல்லை. ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் 22 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். விலைப்புள்ளி அனுப்புவது, ஆர்டரை உறுதி செய்வது, சரக்கு தாமதமானால் விளக்கம் சொல்வது, பணம் வராவிட்டால் நினைவூட்டுவது என்று நாள் முழுக்க ஆங்கிலத்தில் எழுதுகிறேன். எனக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. எனக்கும் இல்லை. உங்கள் கட்டுரைகளில் 'பங்கேற்பாளர் 7' என்று ஓரிடத்தில் வந்து போகிறாரே, அந்த இடத்தில் இருப்பவள் நான்.

கடந்த ஆண்டு இப்படிப்பட்ட மாநாடு ஒன்றை இணையவழியில் இரண்டு நாளும் உட்கார்ந்து கேட்டேன். நிறையக் கற்றுக்கொண்டேன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இரண்டு நாளில் ஒரே ஒரு மின்னஞ்சல் தொடர்கூட முதலிலிருந்து கடைசிவரை திரையில் வரவில்லை. இங்கே இரண்டு வரி, அங்கே மூன்று வரி என்று வெட்டி எடுத்த துண்டுகள்தான் வந்தன. எங்கள் வேலையில் தவறு எதுவும் ஒரு வரியில் நடப்பதில்லை. ஒரு கடிதத்துக்கும் அடுத்த கடிதத்துக்கும் நடுவில், யாரும் எதுவும் எழுதாத இடத்தில் நடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒருமுறை எங்கள் சரக்கு 9 நாள் தாமதமாகிவிட்டது. வாங்கும் நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி எழுதினார்: தாமதத்தைக் கருத்தில் கொண்டு இந்த இன்வாய்ஸில் 5 சதவீதம் கழித்துக்கொள்கிறோம். இதற்கு நான் பதில் சொல்ல முடியாது, மேலாளர்தான் சொல்ல வேண்டும். அவர் அன்று பயணத்தில் இருந்தார். வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லையே என்று இரண்டு சொல் எழுதினேன்: 'நோட்டட், தேங்க்ஸ்.' உங்கள் கடிதம் கிடைத்தது, மேலே அனுப்புகிறேன் என்பதுதான் என் மனதில் இருந்தது.

பணம் 5 சதவீதம் குறைந்து வந்தது. யார் ஒப்புக்கொண்டது என்று மேலாளர் கேட்டார். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்றேன். நீங்கள்தான் ஒப்புக்கொண்டீர்கள் என்று அந்தப் பக்கம் என் இரண்டு சொற்களை மேற்கோள் காட்டியது. இரண்டு மாதத்தில் 47 மின்னஞ்சல்கள். ஒவ்வொரு கடிதத்திலும் இரு தரப்பின் பணிவும் கூடிக்கொண்டே போனது, உள்ளே இருந்த பிடிவாதமும் கூடிக்கொண்டே போனது. 47 கடிதங்களையும் பின்னால் எடுத்துப் படித்துப் பார்த்தேன். ஒன்றில்கூட இலக்கணப் பிழை இல்லை.

கடைசியில் அந்த அதிகாரியே தொலைபேசியில் கூப்பிட்டார். "நோட்டட் என்று எழுதியபோது நீங்கள் என்ன நினைத்து எழுதினீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை. அப்புறம் அவர் சொன்னார்: எங்கள் அலுவலகத்தில் ஒரு விஷயம் முடிந்துவிட்டால்தான் அந்தச் சொல்லை எழுதுவோம், மறுப்பு இருந்தால் மறுப்பை எழுதுவோம். உங்கள் முதல் எதிர்ப்புக் கடிதம் வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் என்ன அர்த்தத்தில் எழுதினீர்கள் என்று கேட்டால், ஒன்று என் ஆங்கிலம் போதாது என்று நினைப்பீர்கள், இல்லையென்றால் நீங்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கிறேன் என்று எடுத்துக்கொள்வீர்கள், அதனால் விட்டுவிட்டேன் என்றார். நானும் சரியாக அதே காரணத்துக்காகத்தான் அவரிடம் கேட்கவில்லை. அந்த அழைப்பு 11 நிமிடம் நீடித்தது. மறுநாளே கணக்கு தீர்ந்தது.

ஒரு கேள்விக்கு ஏன் இரண்டு மாதம் ஆயிற்று? உங்களில் யாராவது இதை ஆராய வேண்டும் என்று மனமாரக் கேட்கிறேன். புரியாத இடத்தில் நாங்கள் கேட்டுவிடுகிறோம். புரிந்துவிட்டது என்று இரண்டு பேரும் நம்பும் இடத்தில் யாரும் கேட்பதில்லை. சந்தேகம் வந்த பிறகும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நான் பார்த்த பெரிய இழப்புகள் எல்லாம் இந்த இரண்டு இடங்களில்தான் நடந்தன.

சட்டத்தில் இதற்கு என்ன வழி இருக்கிறது என்று பிற்பாடு தேடிப் படித்தேன். பன்னாட்டுச் சரக்கு விற்பனைக்கான ஐ.நா. உடன்படிக்கை 1980-ல் வியன்னாவில் உருவாகி, 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 18-ஆவது பிரிவு, பேசாமல் இருப்பது மட்டுமே சம்மதம் ஆகாது என்கிறது. சரி, நான் பேசாமலும் இருக்கவில்லை, சம்மதிக்கவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல்லைப் போட்டேன். அதற்கு 8-ஆவது பிரிவுக்குப் போக வேண்டும். ஒருவருடைய நோக்கம் எதிர்த்தரப்புக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்றால், அதே நிலையில் உள்ள நியாயமான ஒருவர் அந்தச் சொல்லை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று பார்க்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. முன்பு நடந்த பேச்சுகளையும், இருவருக்கும் இடையே பழகிப்போன வழக்கத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த 'நியாயமான ஒருவர்' எந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்? என் அலுவலகத்திலா, அவருடைய அலுவலகத்திலா? இந்தக் கேள்வி வழக்கறிஞர்களுடையது மட்டுமில்லை, உங்களுடையதும்தான்.

வணிகத் தகவல் தொடர்பு படித்த எல்லோருக்கும் அந்தக் கோழி வழக்கு தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1957-ல் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று நியூயார்க் நிறுவனத்திடம் கோழி வாங்க ஒப்பந்தம் போட்டது. வந்து இறங்கிய பெரிய கோழிகள் எல்லாம் கொதிக்கவைத்துச் சமைக்கிற முற்றிய கோழிகள். வாங்கியவர் எதிர்பார்த்தது வறுக்கவும் பொரிக்கவும் ஏற்ற இளங்கோழி. வழக்கு நீதிபதி ஹென்றி ஃபிரெண்ட்லியிடம் வந்தது. கோழி என்றால் என்ன, இதுதான் கேள்வி என்று தொடங்கி 1960-ல் தீர்ப்பு எழுதினார். தாங்கள் சொல்லும் குறுகிய பொருளில்தான் அந்தச் சொல் பயன்பட்டது என்று வாங்கியவரால் நிரூபிக்க முடியவில்லை, தோற்றுப்போனார்.

இதை வேடிக்கையான வழக்காக வகுப்பில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். தீர்ப்புக்குள் இருக்கும் ஒரு சின்ன விவரம் என்னைத் தூங்கவிடவில்லை. இரு தரப்பும் அனுப்பிக்கொண்ட தந்திகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் இருந்தன, 'சிக்கன்' என்ற சொல் மட்டும் ஆங்கிலம். ஜெர்மனில் 'ஹூன்' என்றால் இளசு, முற்றல் இரண்டையும் குறிக்கும், அதனால்தான் வேண்டுமென்றே ஆங்கிலச் சொல்லைப் போட்டோம், அது இளங்கோழியைத்தான் குறிக்கும் என்று எண்ணினோம் என்பது வாங்கியவரின் வாதம். அதாவது குழப்பம் வரக்கூடாது என்று நினைத்துத் தேர்ந்தெடுத்த சொல் அது! இன்னொன்றும் உண்டு. விற்பனையாளர் தரப்பு ஆள், எந்த மாதிரிக் கோழி வேண்டும் என்று வாங்குபவரின் முகவரிடம் கேட்டேன், எந்தக் கோழியானாலும் சரி என்றார், 'ஹூன்' என்ற பொருளில்தானே என்றும் கேட்டேன், ஆமாம் என்றார் என்று சாட்சி சொல்லியிருக்கிறார். ஆக, கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த 'ஆமாம்' எதையும் தெளிவாக்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய கேள்வியைக் கேட்டால் இதுதான் கதி. கேட்பது மட்டும் போதாது, எப்படிக் கேட்கிறோம் என்பதும் இருக்கிறது. இதையும் யாராவது ஆராய்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தொழிலில் இதைச் சரியாகச் செய்த ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. ஒரே வணிகச் சொல்லை வெவ்வேறு நாட்டு வணிகர்கள் வெவ்வேறு விதமாகப் புரிந்துகொண்டு சண்டை போட்ட காலத்தில், சர்வதேச வர்த்தக சபை 1920-களில் நாடு நாடாக விசாரித்தது. இந்தச் சொல்லை எழுதும்போது நீங்கள் எதை நினைத்து எழுதுகிறீர்கள் என்பதுதான் அந்த விசாரணையின் சாரம். அதிலிருந்து வந்ததுதான் 1936-ல் வெளியான முதல் இன்கோடெர்ம்ஸ், அதாவது வணிகச் சொற்களுக்குப் பொதுவான பொருள் சொல்லும் விதித்தொகுப்பு. கல்லூரிகளில் வணிக எழுத்து கற்பிப்பவர்கள் அமெரிக்காவில் சங்கம் அமைத்ததும் அதே 1936-ல்தான், இன்றைய வணிகத் தகவல் தொடர்புச் சங்கத்தின் தொடக்கம் அது. ஒரே ஆண்டில் துறைமுகத்தில் ஒரு பாதையும் வகுப்பறையில் ஒரு பாதையும் தொடங்கின. இரண்டும் நல்ல பாதைகள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவை சந்திப்பது அபூர்வமாக இருக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

இன்கோடெர்ம்ஸ் வந்ததால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு, 11 விதிகள். சி.ஐ.எஃப். என்றால் சேருமிடத் துறைமுகம்வரை கப்பல் வாடகையும் காப்பீடும் விற்பவர் பொறுப்பு. அதனால் சரக்கு அங்கே போய்ச் சேரும்வரை நட்டமும் விற்பவருடையதுதான் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை, ஏற்றும் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறியதுமே நட்டத்தின் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. சரக்கைக் கப்பலில் ஏற்றிக்கொடுப்பதுவரை விற்பவர் பொறுப்பு என்னும் எஃப்.ஓ.பி. இன்னும் சிக்கல். அமெரிக்க உள்நாட்டு வணிகத்தில் அதே மூன்று எழுத்துக்குக் கப்பலோடு சம்பந்தமே இல்லாத பொருளும் உண்டு. அதனால்தான் 'இன்கோடெர்ம்ஸ் 2020' என்று பதிப்பின் ஆண்டையும் சேர்த்து எழுதச் சொல்கிறோம். எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தால் போதாது, எந்தப் புத்தகத்தின்படி என்று கேட்கவும் பழக்க வேண்டியிருக்கிறது.

கடல்துறையில் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. கப்பல்கள் பேசிக்கொள்வதற்கான நிலையான சொற்றொடர்களைச் சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-ல் ஏற்றுக்கொண்டது. அதில் செய்திக்கு முன்னால் அது என்ன வகைச் செய்தி என்று சொல்லும் 8 குறிச்சொற்கள் உண்டு: கட்டளை, ஆலோசனை, எச்சரிக்கை, தகவல், கேள்வி, பதில், வேண்டுகோள், நோக்கம். முதலில் 'கேள்வி' என்று சொல்லிவிட்டு அப்புறம் கேள்வியைக் கேட்க வேண்டும். இதைப் படித்த அன்று நான் என் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அந்த 5 சதவீதக் கடிதத்தின் தலையில் 'நோக்கம்' என்றோ 'வேண்டுகோள்' என்றோ ஒரு சொல் இருந்திருந்தால், என் பதிலின் தலையில் 'தகவல்' என்று ஒரு சொல் இருந்திருந்தால், 47 கடிதங்களுக்கு வேலையே இல்லை.

இப்போது எங்கள் பிரிவில் அப்படித்தான் எழுதுகிறோம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், "அக்கா, இதை அனுப்பலாமா?" என்று வரைவைக் காட்டினால், முதலில் தலைப்பு வரியைத்தான் பார்ப்பேன். 'நோட்டட்' என்று எழுதுவதை விட்டுவிட்டோம். 'கிடைத்தது. இன்னும் ஒப்புதல் தரவில்லை. முடிவை வியாழனுக்குள் சொல்கிறோம்' என்று மூன்று சிறு வாக்கியங்கள் எழுதுகிறோம். இது பலன் தருகிறது என்று என்னால் நம்பிக்கையோடு சொல்ல முடிகிறதே தவிர, அளந்து காட்ட முடியாது. அளக்கத் தெரிந்தவர்கள் நீங்கள்.

அடுத்தது, ஒவ்வொரு நாட்டின் பண்பாட்டுக்கும் மதிப்பெண் போடும் விஷயம். அதைத் தொட எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அப்படி நாடுகளை எண்களால் ஒப்பிட்ட ஆய்வாளர் ஹாஃப்ஸ்டீடின் 1980-ஆம் ஆண்டு நூல் பெரிய உழைப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் அதன் அடித்தளம், 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். என்ற ஒரே நிறுவனத்தின் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு. இதை உங்கள் துறையிலேயே பலர் விமர்சித்தும் இருக்கிறார்கள். அப்படியிருக்க, அந்த எண்களை இன்றும் திரையில் போட்டு, இந்த நாட்டுக்காரர் இப்படித்தான் மறைமுகமாகப் பேசுவார் என்று சொல்லும்போது, அந்த நாட்டில் இருக்கும் என் சக ஊழியர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஒரே நாடு, ஒரே ஊர், இரண்டு அலுவலகம். ஒருவர் நேராகப் போட்டு உடைப்பார், இன்னொருவர் மூன்று பத்தி சுற்றி வருவார். நேராகச் சொல்கிறவருக்குத் தன் மேலாளர் மேல் பயமில்லை. மற்றவருக்கு ஒவ்வொரு கடிதத்தின் நகலும் மேலே போகிறது. நகல் யாருக்குப் போகிறது என்ற அந்த ஒரு வரியை ஆராய்ந்தாலே எவ்வளவோ தெரியவரும்.

நன்றி சொல்ல வேண்டியதையும் சொல்ல வேண்டும். ஸ்வீடனையும் பின்லாந்தையும் சேர்ந்த நிறுவனங்கள் ஒன்றாக இணைந்தபோது ஊழியர்கள் ஆங்கிலத்தை எப்படிப் புழங்கினார்கள் என்று லூஹியாலா-சல்மினென், சார்ல்ஸ், கன்கான்ரன்டா மூவரும் 2005-ல் எழுதினார்கள். வணிகத்தில் பொது மொழியாகப் புழங்கும் ஆங்கிலம் யாருடைய தாய்மொழியும் இல்லை, அதைப் பயன்படுத்துகிற எல்லோருக்கும் அது சொந்தம் என்ற பார்வை அங்கிருந்துதான் வலுப்பெற்றது. அதைப் படிக்கும்வரை என் கடிதங்களை ஒரு கற்பனை ஆங்கிலேயர் திருத்துவதாக நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். அந்தப் பயம் போனதற்கு உங்கள் துறைதான் காரணம். அதனால்தான் உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்.

இப்போது வந்திருக்கும் சிக்கல் என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துகிறது. முன்பெல்லாம் ஒரு தொழிற்சாலையிலிருந்து இப்படிக் கடிதம் வரும்: 'மே பி வீக் 3 பாசிபிள், ஒன் மெஷின் நாட் குட்.' படித்த உடனே கையில் தொலைபேசியை எடுப்பேன். எந்த மெஷின், எப்போது சரியாகும் என்று கேட்பேன். அந்த உடைந்த ஆங்கிலமே என்னிடம் 'இன்னொரு தடவை கேள்' என்று சொன்னது. இப்போது அதே ஆள் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து எழுதி வாங்குகிறார். மூன்றாவது வாரத்தில் சரக்கை அனுப்ப எல்லா முயற்சிகளும் மேற்கொள்ளப்படும் என்று அழகான நாலு வரி வருகிறது. 'மே பி' காணாமல் போய்விட்டது, கெட்டுப்போன மெஷினும் காணாமல் போய்விட்டது. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பதிலை நானும் அப்படியே மெருகேற்றி அனுப்புகிறேன். மூன்றாவது வாரம் வரும்போதுதான் மெஷின் விஷயம் தெரிகிறது. மொழி சீராகச் சீராகச் சந்தேகம் வர வேண்டிய இடங்கள் அடைபட்டுப் போகின்றன. அவருடைய முதல் வரைவையும், கருவி எழுதித் தந்ததையும், அதை நான் படித்து என்ன புரிந்துகொண்டேன் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் இது நடக்கிறது, காத்திருக்க நேரமில்லை.

உங்களிடம் நான் எதிர்பார்ப்பது இதுதான். அடுத்த மாநாட்டில் ஒரு முழு அரை நாளை, தவறிப்போன கடிதத் தொடர்களைப் படிப்பதற்கு ஒதுக்குங்கள். பெயர், தொகை, பொருள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, இரு தரப்பின் அனுமதியோடு, முதல் கடிதத்திலிருந்து கடைசிக் கடிதம்வரை. எழுதியவர்களையும் கூப்பிடுங்கள். எங்களுக்குப் பதிவுக் கட்டணமும் விடுப்பும்தான் தடை. கட்டணத்தை விட்டுக்கொடுத்தால் விடுப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்பதை மாநாடே சொல்ல வேண்டும். நாங்கள் வேகமாகப் படிக்கப் பழகுவதைவிட, அவர்கள் பேச்சுவழக்குத் தொடர்களைக் குறைத்துக்கொள்வது சுலபம். அப்புறம், எங்களைப் பற்றிய ஆய்வு முடிவுகளை நாங்கள் காசு கொடுக்காமல் படிக்க வழிசெய்யுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் கடிதப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரியும்படி ஒரு பக்கச் சுருக்கம் எழுதச் சொல்லுங்கள். எளிய மொழிக்கென்றே ஐ.எஸ்.ஓ. 2023-ல் ஒரு தரநிலை வெளியிட்டிருக்கிறது, அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் தொடரை நானே தருகிறேன். அந்த 47 கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. என் மேலாளரின் அனுமதி வாங்கிவிட்டேன். அந்த அதிகாரியிடமும் கேட்டேன், அவரும் அவருடைய நிறுவனமும் சம்மதித்துவிட்டார்கள். இந்த முறை எந்த அர்த்தத்தில் சம்மதம் என்று தெளிவாக எழுதி வாங்கியிருக்கிறேன்: பெயர்கள் இல்லாமல், விலை இல்லாமல், மற்ற எல்லாவற்றோடும். நாங்கள் இருவரும் ஒரே மேடையில் உட்கார்ந்து, அவர் எழுதியதை அவரும் நான் எழுதியதை நானும் வாசிப்போம். ஒவ்வொரு கடிதத்துக்குப் பிறகும், அந்த நேரத்தில் மனதில் இருந்தும் எழுதாமல் விட்டது என்ன என்பதைச் சொல்வோம். ஒன்றரை மணி நேரம் கொடுத்தால் போதும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த ஊர் நேரப்படி என்று மட்டும் எழுதுங்கள், நாங்கள் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
ஏற்றுமதிக் கடிதப் பிரிவில் பணிபுரியும் ஒருத்தி